கதவோடு வருகிறவர்கள்

என் வீட்டு மாடியில் நான்கு அறைகள் இருக்கின்றன. நான்கிலும் இறந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். கீழே நான் இருக்கிறேன். திருச்சி புத்தூரில் இப்படி ஒரு விடுதி நடத்துகிறவள் நான் ஒருத்திதான் என்பதால், ஆட்டோக்காரரிடம் 'கதவு வீடு' என்று சொன்னால் போதும், வாசலிலேயே இறக்கிவிடுவார்.

விஷயம் ரொம்ப எளிது. சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அவர் இறந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும். கார்த்திகைக்கு மூன்று மாதம், ரோகிணிக்கு நான்கு மாதம், அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஆறு மாதம். இதற்கு அடைப்பு என்று பெயர். அதுவரை அவர் அந்த அறையில்தான் இருப்பார். மாலையில் வாசலில் ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தால் போதும். நாள் முடிந்ததும் பூட்டைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், வெளியே வந்து தன் வழியே போய்விடுவார். எல்லோரும் பெரிய வீடுகளில் இருந்த காலத்தில் இதில் ஒரு சிரமமும் இல்லை. ஒற்றைப் படுக்கையறை அடுக்குமாடியில் ஐந்து பேர் இருக்கும்போது ஆறு மாதத்துக்கு எதைப் பூட்டுவது? ஆகவே என்னிடம் வருகிறார்கள்.

வரும்போது அந்த அறையின் கதவைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். கதவு எங்கே போகிறதோ அங்கேதான் இறந்தவரும் போவார். சிலர் தலையணையையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டு எடுத்து வருவார்கள். அதனால் பலனில்லை. ஒரு குடும்பம் அவசரத்தில் குளியலறைக் கதவைக் கழற்றி வந்துவிட்டது. மூன்று நாள் அறையில் யாரும் இல்லை, தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. திருப்பி அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை நான் எடுப்பதில்லை. அங்கே கட்டிலுக்குக் கட்டில் திரைதான், கதவு கிடையாது.

கதவை மாட்டித் தருவது ரங்கசாமி ஆசாரி. குட்டைக் கதவென்றால் அடியில் சட்டம் அடிப்பார், அகலமென்றால் முணுமுணுத்துக்கொண்டே இழைப்பார். பூட்டு என்னுடையது, சாவி என் இடுப்பில் இருக்கும்.

பயப்பட ஒன்றும் இல்லை. இறந்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள். சத்தமெல்லாம் பகலில்தான், அதுவும் அவரவர் பழக்கத்துக்கு ஏற்றபடி. பால் பொங்கும்போது கனைப்பவர் இருந்திருக்கிறார். பக்கத்து அறைக்காரரின் சொம்பைக் காலால் தள்ளிவிட்ட ஒரு அம்மாவும் இருந்தார். அவரைக் கதவுக்கு வெளியே நின்று ஒரு பிடி பிடித்தேன், அதன் பிறகு ஒழுங்காக இருந்தார்.

நான் கறாரான ஆள். எட்டு வருடத்தில் ஒரு கதவைக்கூட நான் ஒரு நாள் முன்னால் திறந்ததில்லை, ஒரு நாள் பின்னாலும் திறந்ததில்லை. கடைசி வாரத்தில் உறவினர்கள் வந்து நிற்பார்கள். இன்னும் பத்து நாள், பேரனுடைய பிறந்த நாள் வரைக்கும், வெளிநாட்டிலிருந்து மகள் வரும் வரைக்கும் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். தேதி என்றால் தேதி. 'கல்நெஞ்சுக்காரி' என்று படியிறங்கும்போது சொல்வது என் காதில் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு அடைப்பு இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கீழே உள்ள படுக்கையறையில், காலை பதினொன்று இருபதுக்கு இறந்தார். நேரம் சொன்னது அப்போது பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி. நான் மருந்துக்கடையில் இருந்தேன். டாக்டரின் கையெழுத்து கடைக்காரருக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார், அவருக்கும் புரியாமல் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மாத்திரையோடு வந்தால் வாசலில் செருப்புகள் கிடந்தன. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அஸ்வினி பொறந்துடுச்சும்மா, அடைப்பு இல்ல" என்றார். நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். அஸ்வினியில் இறந்தவர்கள் அப்போதே போய்விடுவார்கள்.

எனக்கு என் வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் கண்டவர்களுக்கெல்லாம் மூன்று மாதம், ஆறு மாதம் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது மருந்துக்கடையில் நின்ற முக்கால் மணி நேரம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, அந்த அறையின் தேக்குக் கதவு தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சாத்தினால் திறந்துகொள்ளும், திறந்து வைத்தால் சாத்திக்கொள்ளும். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று நினைத்து ஆசாரியை வரச்சொன்னேன். ஒட்டுப்பலகைக் கதவு ஒன்றை மாட்டச் சொல்லிவிட்டு, பழையதைக் கண்ணில் படாமல் எங்கேயாவது எடுத்துப் போகச் சொன்னேன். மறு வருடம் மாடியை விடுதியாக்கினேன். வீட்டில் யாராவது இருக்கட்டுமே என்றுதான்.

என் வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் முகாம். ஆனால் அவருக்குப் புது இடத்தில் தூக்கம் வராது. அதனால் தன் தலையணை, தன் போர்வை, மேஜை விசிறி எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போவார். ஒரு முறை பெரம்பலூருக்கு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு போனார். அப்படியும் தெருமுனை வரை போய்விட்டு, மறந்த எதையோ எடுக்க ஒரு முறை திரும்பி வருவார். முப்பது வருடமாக அவர் கிளம்பினால் நான் வாசலிலேயே நிற்பேன். அவர் திரும்பி வந்து எடுத்துப்போன பிறகுதான் கேட்டைச் சாத்துவேன்.

*

போன தை மாதம் விருத்தகிரி என்பவர் ஒரு வாதம் கொண்டுவந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவருடைய மனைவி புஷ்கலா மாடியில் இரண்டாவது அறையில் இருந்தாள். கார்த்திகை நட்சத்திரம், மூன்று மாதம். அவர் டியூட்டி முடிந்ததும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே இங்கே வந்து, அவள் கதவுக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். "அரியலூர்ல இருபது நிமிஷம் நிப்பாட்டிட்டான் புஷ்கலா" என்று ஆரம்பித்து அன்றைய வண்டி நின்ற இடமெல்லாம் சொல்வார். உள்ளே வளையல் சத்தம் கேட்கும். நான் அந்தப் பக்கம் விளக்கேற்றப் போனால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெரிய புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், எனக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"தேதின்னா தேதி சார். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கெடையாது."

"நான் கூட்டிக் கேக்கல மேடம். அவளுக்குச் சேர வேண்டியதத்தான் கேக்குறேன். இதப் பாருங்க."

கட்டுக்குள் இருந்தவை பஞ்சாங்கங்கள். அவருடைய மாமனார் முப்பது வருடத்துப் பஞ்சாங்கங்களையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். எல்லாம் திருக்கணிதம். பஞ்சாங்கத்தில் இரண்டு வகை உண்டு. வாக்கியம் பழைய கணக்கு, திருக்கணிதம் திருத்திய கணக்கு. ஒன்றில் நட்சத்திரம் முடிந்துவிட்டிருக்கும், இன்னொன்றில் முடிந்திருக்காது. எங்கள் வீட்டில் எப்போதும் வாக்கியம்தான், விடுதிக்கும் அதையே வைத்துக்கொண்டிருந்தேன். புஷ்கலா இறந்தது காலை ஆறு பத்துக்கு. வாக்கியத்தில் அப்போது கார்த்திகை. திருக்கணிதத்தில் ரோகிணி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ரோகிணிக்கு நான்கு மாதம்.

நான் மாடிக்குப் போய் அவள் கதவில் காதை வைத்தேன். இறந்தவர்களுக்குத் தங்கள் தேதி தெரியும். கடைசி வாரத்தில் அறைக்குள்ளே கூட்டிப் பெருக்குவார்கள், துணியை உதறுவார்கள், பிறகு சத்தம் அடங்கிவிடும். புஷ்கலாவின் அறையில் அப்படி ஒரு அறிகுறியும் இல்லை. சாவகாசமாகப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள், நாரைப் பல்லால் கடிக்கிற சத்தம் கேட்டது.

"மாசி நாலு" என்று அவரிடம் புதுத் தேதியைச் சொன்னேன். "அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் மேடம்."

"அந்தக் கட்ட ரெண்டு நாள் இங்க வெச்சிட்டுப் போங்க."

அவர் போன பிறகு ஒன்பது வருடத்துக்கு முந்தைய பஞ்சாங்கத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரர் இறந்த நாளுக்கு விரலை ஓட்டினேன். ரேவதி, காலை பதினொன்று நாற்பத்திரண்டு வரை. அவர் இறந்தது பதினொன்று இருபதுக்கு. இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. ரேவதிக்கு ஆறு மாதம்.

பஞ்சாங்கத்தை மூடிவிட்டு ரசத்தை இறக்கினேன். எனக்கு ஆறு மாதம் வர வேண்டியிருந்தது, அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அஸ்வினியில் போகவில்லை. போக முடியாமல் கதவைத் திறந்து சாத்திக் காட்டியிருக்கிறார். நான் மழையைக் காரணம் சொல்லி அவரை ஆசாரியின் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஊரார் கதவையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் செய்த காரியம் இது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆசாரிக்குப் போன் செய்தேன்.

"ஆசாரி, எங்க ரூம் கதவு ஒண்ணு கழட்டுனீங்களே, தேக்கு. அத என்ன பண்ணுனீங்க?"

"நம்ம சேசுராஜ் வண்டிக்குத்தாம்மா குடுத்தேன். பலகை உளுத்துப்போச்சுன்னான். அளவு கச்சிதமா இருந்துச்சு. ஏம்மா, வேணுமா?"

சேசுராஜ் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். என் வீட்டுக் கேட்டிலிருந்து பார்த்தால் அவருடைய வண்டி தெரியும். என் சேலைகளெல்லாம் ஒன்பது வருடமாக அங்கேதான் போய்வருகின்றன. அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். இரண்டு மணிக்குப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தால் நாலு மணி வரை தொட மாட்டார். நான் போகும்போதெல்லாம், "மத்தியான நேரத்துல அப்படி என்னய்யா தூக்கம்?" என்று திட்டுவேன். அவர் சிரித்துக்கொள்வார்.

நான் போனபோது மணி இரண்டரை. வண்டிக்குப் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சேசு, பலகையக் காட்டு."

வெள்ளைத் துணியையும் அடியில் இருந்த கம்பளியையும் மடித்துக் காட்டினார். எங்கள் கதவுதான். பித்தளைச் சாவித் துவாரம் மூலையில் இருந்தது. குனிந்து பார்த்தேன். தாழ்ப்பாள் அடிப்பக்கத்தில் அப்படியே இருந்தது, அதில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்.

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கார்க்கா. இப்பத்தான் கண்ணசந்தாரு, மெதுவாப் பேசுங்க."

"எத்தன நாளா?"

"பலகை போட்ட அன்னைலேர்ந்து இருக்காரு. ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் பெட்டி வெச்சா வண்டி ஆடும். சரி, தூங்கட்டும்னு நிறுத்திக்கிறது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வீட்டுக் கதவுக்கா. உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன்." பேப்பரை மடித்து வைத்தார். "உங்க சேலைன்னா மட்டும் மடிப்பு தானா விழும். நான் பெட்டிய சும்மா வெச்சு எடுத்தா போதும்."

நான் கம்பளியைப் பழையபடி விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன். ஒன்பது வருடமாகத் தெருமுனையில் நின்று நான் திட்டியது என் வீட்டுக்காரருடைய தூக்கத்தை. வாங்கிக்கட்டிக்கொண்டவர் பாவம் சேசுராஜ்.

*

கதவை அன்றே எடுத்து வந்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. எனக்குக் கணக்கு தெரியும். கதவை மாட்டிப் பூட்டிய நாளிலிருந்து ஆறு மாதம் ஓடத் தொடங்கும். அது முடிந்ததும் திறக்க வேண்டும், திறந்தால் போய்விடுவார், பிறகு எங்கேயும் இருக்க மாட்டார். பூட்டாமல் விட்டால் தெருமுனையில் இருந்துகொண்டே இருப்பார். நினைத்தபோது போய்ப் பார்க்கலாம். எட்டு வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

அதனால் சேசுராஜிடம் துணி கொடுத்தேன். சேலைகள் தீர்ந்ததும் போர்வைகள், அதன் பிறகு தலையணை உறை, கைக்குட்டை, கொசுவலை. நாலு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் தேய்த்து முடிக்கும் வரை வண்டியின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். மரம் வெதுவெதுப்பாக இருக்கும். சேசுராஜ் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக் கரித்துணியைக் கொண்டுபோன அன்று மட்டும், "இதுக்குக் கஞ்சி போடணுமாக்கா?" என்றார்.

"போடு" என்றேன்.

மாசி நாலாம் தேதி காலை விருத்தகிரி வந்தார். கோட்டு இல்லாமல் வேட்டி கட்டியிருந்தார். ஒரு நாள்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. நான் பூட்டைத் திறந்தேன். இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம். வளையல் சத்தம் எங்களுக்குப் பின்னால் வந்து, கொஞ்சம் நின்று, படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போயிற்று. அவர் சுவரைப் பார்த்தபடியே அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று ஸ்டேஷன்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆசாரி கதவைக் கழற்றியதும் விருத்தகிரி ஒரு பக்கம் தானே பிடித்துச் சுமை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆசாரிக்கு வாய் சும்மா இராது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார். விருத்தகிரி கிளம்பும் முன்னால் கேட்டில் நின்று, ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவரை விசாரிப்பது போலக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னைக்கு மேடம் தேதி?"

"ஆவணி அஞ்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தேதி கேட்டால் சொல்லிப் பழகிய வாய், சொல்லிவிட்டது. ஆவணி ஐந்தில் திறக்க வேண்டும் என்றால் மாசி ஐந்தில் பூட்டியாக வேண்டும். மாசி ஐந்து மறுநாள். நான் சொன்ன தேதியை மாற்றுவதில்லை.

மறுநாள் காலை சேசுராஜும் ஆசாரியும் கதவைச் சுமந்துவந்து படுக்கையறையில் மாட்டினார்கள். நிலையில் எங்கும் இழைக்க வேண்டியிருக்கவில்லை. ஒட்டுப்பலகைக் கதவை வண்டிக்குக் கொடுத்தேன்.

"முடிஞ்சதும் இதத் திருப்பிக் குடுங்கக்கா" என்றார் சேசுராஜ். "தேக்குதான் சூடு தாங்கும்."

நான் பூட்டினேன். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் மேஜை விசிறி ஓடத் தொடங்கியது.

*

அந்த ஆறு மாதம் நான் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டேன். கதவுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியது ஒன்பது வருடத்துக்கு இருந்தது. நூற்று எண்பது நாளில் சொல்லி முடிக்க வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு இருபது நாள். நூல் பிடித்த மாதிரி அப்படியே சொன்னேன். அவருடைய தம்பி மகள் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது, தெருவை மூன்று முறை தோண்டியது, எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தது, நான் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்க யாரையும் கூப்பிடாமல் கிடந்தது. அதைச் சொன்னபோது விசிறி நின்றது. நான் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகுதான் மறுபடி ஓடியது.

வைகாசியில் மாடியில் ஒரு தலைமை ஆசிரியர் சேர்ந்தார். ரேவதி, ஆறு மாதம். படுக்கையறைக்கு நேர் மேலே அவருடைய அறை. நான் சொல்லும்போது வருடம் மாறிப்போனால் மேலேயிருந்து பிரம்பால் தரையைத் தட்டுவார். திருத்திச் சொன்னால் நிறுத்துவார். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அவரை நம்பியே சொல்லிக்கொண்டு போனேன்.

எனக்கு அந்த மாதங்கள் சந்தோஷமாக இருந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காலையில் காபி போடும்போது கதவிடுக்கிலிருந்து கஞ்சி போட்ட துணியின் வாசனை வரும். ஒன்பது வருடம் இஸ்திரிப் பலகையாக இருந்தால் யாருக்கும் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். பேப்பரில் நில மோசடிச் செய்தி வந்தால் உரக்கப் படிப்பேன். உள்ளே நாக்கால் 'ச்ச்' கொட்டுவார். மாடியில் இருந்தவர்களையும் நான் குறைவாக வைக்கவில்லை. விளக்கு, தண்ணீர், தேதி எல்லாம் முறைப்படி நடந்தன.

ஆவணி நாலாம் தேதி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அதைத்தான் ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானம் நாற்காலியைக் கதவுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் மருந்துக்கடையில இருந்தேங்க. கையெழுத்துப் புரியலன்னு மூணு பேர் மாத்தி மாத்திப் படிச்சாங்க. நான் சீட்டைப் பிடுங்கிட்டு அடுத்த கடைக்கு ஓடியிருக்கணும். இல்ல, வேணாம்னு வீட்டுக்கு வந்திருக்கணும். மரியாதையா நின்னுக்கிட்டே இருந்தேன். நீங்க கெளம்பும்போது நான் வாசல்ல இல்ல."

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே மெல்லிய குறட்டை கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், மணி மூன்று. கேட்டுவிட்டுத் தூங்கினாரா, தூங்கியதால் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. முப்பது வருடத்தில் எனக்கு அது ஒரு நாளும் தெரிந்ததில்லை.

நாலு மணிக்கு மேல் உள்ளே பெருக்கும் சத்தம் கேட்டது. துணியை உதறினார். எதையோ இழுத்து நகர்த்தினார். பிறகு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். எதிரே சுவரில் தினசரிக் காலண்டர் ஆவணி ஐந்து என்று காட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சி வாசனை எனக்குப் பின்னால் வந்து நின்றது. என் தோள்பட்டை வெதுவெதுத்தது. முந்தானை மடிப்பு ஒன்று கலைந்திருந்தது போல, அது தானாகச் சரியானது. பிறகு வாசனை செருப்பு வைக்கும் இடத்தில் கொஞ்சம் தாமதித்து, வாசலைக் கடந்தது. கேட் சத்தம் கேட்டது.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறந்ததை எடுக்க வருவார் என்று கேட்டைச் சாத்தாமல் நின்றேன். கால் மணி நேரம் போயிற்று. யாரும் வரவில்லை. எதையும் மறக்காமல் அவர் கிளம்பியது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதை என்னால் தாங்க முடியவில்லை.

சேசுராஜுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. ஆசாரியை வரவழைத்துக் கதவைக் கழற்றி, நானும் கூடவே தெருமுனைக்கு நடந்தேன். சேசுராஜ் அதை வண்டியில் பொருத்தி, கம்பளியும் துணியும் விரித்து, பெட்டியில் கரி போட்டு ஊதினார். கனன்று வந்ததும் என் சேலை ஒன்றை விரித்துத் தேய்த்தார். பெட்டியை ஒருமுறை வைத்து எடுத்துவிட்டுப் பார்த்தார். மடிப்பு விழவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தார்.

"இப்ப இது வெறும் பலகைதான்க்கா" என்றார்.

நான் அங்கே நின்று அழுதேன். எட்டு வருடமாக என் மாடிப்படியில் நின்று அழுதவர்களைப் போலவேதான், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி அழுதேன். சேசுராஜ் சேலையை மூன்றாவது முறையாகவும் தேய்த்துக் கையில் கொடுத்தார். மணி இரண்டு அடித்தது. அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கல் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். கேட் திறந்தபடியே இருந்தது. கூடத்து நாற்காலியில் என் சேலைகள் அடுக்கியிருந்தன, படுக்கையறைப் பீரோவில் இருந்தவை. ஒன்றின் மடிப்புகூடக் கலையவில்லை. நாற்காலிக்கு எதிரே நிலைச்சட்டம் இருந்தது. அதற்கு அப்பால் படுக்கையறை இல்லை. கட்டில், பீரோ, ஜன்னல், மூன்று சுவர்கள், தரை எதுவும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பின்வீட்டு முருங்கை தெரிந்தது. விளக்குக்குப் போன மின்கம்பியின் நுனியைக் கறுப்பு டேப்பால் சுற்றி ஓரமாக வளைத்துவிட்டிருந்தது. மேலே தலைமை ஆசிரியரின் அறை எதன் மேலும் உட்காராமல் தன் இடத்திலேயே நின்றது. பிரம்புச் சத்தம் எதுவும் வரவில்லை.

நான் தெருமுனையில் நின்ற நேரத்தில் திரும்பி வந்து எடுத்துப் போயிருக்கிறார்.

காலையில் துவைத்த துணி வாளியிலேயே இருந்தது. நிலைச்சட்டத்திலிருந்து முருங்கை வரை ஒரு கொடி கட்டி, வெயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் உலர்த்தினேன். பிறகு போய்க் கேட்டைச் சாத்தினேன். அவருக்குப் புது இடத்தில் தூக்கம் வராது.